5,000 ரூபாய்க்குத் துப்பறியும் கதை, பேய்க்கதை: எங்கள் வாசகசாலைக்கு எதை வாங்கலாம்?

மலையோரத்து வாசகி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்கும் குலசேகரத்துக்கும் நடுவில். ஊர் கிளப்போடு ஒட்டி ஒரு சின்ன வாசகசாலை இருக்கிறது. காலையில் பேப்பர் படிக்கப் பெரியவர்கள் வருவார்கள், சாயங்காலம் கேரம் விளையாடப் பையன்கள் வருவார்கள், புத்தக அலமாரியை மட்டும் யாரும் திறப்பதில்லை. மூன்று மாதத்துக்கு முன் சனிக்கிழமை ஆறு மணிக்கு ஒரு கதையைச் சத்தமாக வாசிப்பது என்று ஆரம்பித்தேன். முதல் வாரம் ஐந்து பேர். ஒரு நாள் மழை, கரண்ட் இல்லை, மெழுகுவத்தி வைத்து ஒரு பேய்க்கதை வாசித்தேன். அன்றைக்கு இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள், ரப்பர் வெட்டுகிற அண்ணன் ஒருவர் வாசலிலேயே நின்று முழுக்கக் கேட்டுவிட்டு அடுத்த வாரமும் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து மர்மக்கதை, துப்பறியும் கதை, பேய்க்கதை மட்டும்தான் கேட்கிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் 5,000 ரூபாய் தந்திருக்கிறார். அதில் 1,200 ரூபாயை ஏற்கெனவே தொலைத்துவிட்டேன். உலகத்து மர்மக்கதைகள் எல்லாம் ஒரே புத்தகத்தில் என்று ஒரு தடித் தொகுப்பை ஆன்லைனில் வாங்கினேன். பாதிக் கதைகளுக்கு எழுதியவர் பெயர் இல்லை, மொழிபெயர்த்தவர் பெயர் எங்கேயும் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கதையை வாசித்து முடித்ததும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “அக்கா, அந்த ஆளோட செருப்பில் சேறு இருந்தது இவருக்கு எப்படித் தெரியும்? முன்னாடி சொல்லவே இல்லையே” என்று கேட்டாள். திரும்பப் புரட்டிப் பார்த்தேன். நிஜமாகவே அந்த இடம் புத்தகத்தில் இல்லை. சுருக்குகிறேன் என்று துப்பு இருந்த பகுதியையே வெட்டியிருக்கிறார்கள்.

மிச்சம் 3,800 ரூபாய். எதை வாங்கலாம்? தொகுப்பாக வாங்குவதா, ஒவ்வொரு எழுத்தாளராக வாங்குவதா? கேட்பவர்கள் எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை, கூடவே நாலைந்து பெரியவர்கள். இன்னொன்று, பேய்க்கதை வேண்டாம், பிள்ளை ராத்திரி தூங்கமாட்டேன் என்கிறது என்று இரண்டு அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

செட்டிகுளம் வாத்தியார்:

அம்மா, அந்தப் பிள்ளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அவள்தான் உங்கள் வாசகசாலையின் சொத்து.

நீங்கள் சொன்ன கோளாறுதான் இந்த வகைக் கதைகளின் முதல் பிரச்சினை. வேறு கதைகளைச் சுருக்கினால் ருசி குறையும், அவ்வளவுதான். துப்பறியும் கதையைச் சுருக்கினால் கதையே போய்விடும், ஏனென்றால் நாலாம் பக்கத்தில் சும்மா வருகிற ஒரு வரிதான் இருபதாம் பக்கத்தில் சாட்சியாக வந்து நிற்கும், சுருக்குகிறவருக்கு அது வர்ணனை மாதிரித்தான் தெரியும். அதனால் தொகுப்பு வாங்கப் போனால் முன்னட்டையைப் பார்க்காதீர்கள், பொருளடக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கதைக்கும் ஆசிரியர் பெயர், மூலத் தலைப்பு, மொழிபெயர்த்தவர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். 300 பக்கத்தில் 50 கதை என்றால் கீழே வைத்துவிடுங்கள். கதைக்கு ஆறு பக்கம். ஷெர்லக் ஹோம்ஸ் கதை ஒன்றுகூட ஆறு பக்கத்தில் அடங்காது.

என் யோசனை, நாவல்கள் பக்கமே இப்போதைக்குப் போகாதீர்கள். இந்த வகை பிறந்ததே சிறுகதையாகத்தான். எட்கர் ஆலன் போ 1841-ல் எழுதிய ‘ரூ மார்க் கொலைகள்’தான் முதல் துப்பறியும் கதை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அதில் ஆரம்பிக்காதீர்கள், முதல் சில பக்கங்கள் அறிவைப் பற்றிய கட்டுரை மாதிரி போகும், பிள்ளைகள் எழுந்து கேரம் போர்டுக்குப் போய்விடுவார்கள். ஹோம்ஸிலிருந்து தொடங்குங்கள். கானன் டாயில் எழுதியது 4 நாவல், 56 சிறுகதை. அத்தனையும் வேண்டாம், 1892-ல் வந்த முதல் தொகுதியில் 12 கதைகள், அது போதும். அதில் ‘செந்தலையர் சங்கம்’ முதல் வாரத்துக்கு. சிவப்புத் தலைமுடி இருந்தால் வேலை, அந்த வேலையோ கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதுவது, அதற்குச் சம்பளம். எதற்காக ஒருவன் இதற்குக் காசு கொடுப்பான் என்று பிள்ளைகளே மண்டையைப் போட்டு உடைப்பார்கள். கொலை கிடையாது, ரத்தம் கிடையாது, அந்த அம்மாக்களும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

வாசிக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். கடைசி மூன்று பக்கத்தை அன்று வாசிக்காதீர்கள். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, என்ன நடந்திருக்கும், எதை வைத்துச் சொல்கிறாய் என்று எழுதச் சொல்லுங்கள். மிச்சம் அடுத்த சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் இதைச் செய்திருக்கிறேன். பரீட்சையில் நாலு வரி எழுதாத பையன் இதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதுவான்.

அடுத்து செஸ்டர்டனின் ஃபாதர் பிரவுன், முதல் தொகுதி 1911. துப்பறிகிறவர் ஒரு குட்டையான கத்தோலிக்கப் பாதிரியார். பாவசங்கீர்த்தனத்தில் மக்கள் தங்கள் பாவங்களைச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மனிதன் எப்படித் தப்புச் செய்வான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பங்குத்தந்தையைத் தினமும் பார்க்கிற நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்புறம் வங்காளத்திலிருந்து இரண்டு பேர். சரதிந்து பந்தோபாத்யாயவின் பியோம்கேஷ் பக்ஷி 1932-லிருந்து. தன்னைத் துப்பறிவாளன் என்று சொல்லிக்கொள்ளமாட்டார், சத்தியான்வேஷி, உண்மையைத் தேடுகிறவன் என்பார். சத்யஜித் ராயின் ஃபெலூடா 1965-லிருந்து, சிறுவர் பத்திரிகைக்காகவே எழுதியது, எட்டாம் வகுப்புக்குச் சரியாக இருக்கும், தமிழிலும் கிடைக்கிறது.

பழைய பேப்பர்:

சார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் தமிழில் இந்த வகைக்கு நூறு வருடத்துக்கு மேல் சொந்தச் சரக்கு இருக்கிறதே, அதை விட்டுவிட்டு எதற்கு லண்டனிலும் கல்கத்தாவிலும் சுற்ற வேண்டும்?

ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908. துப்பறியும் கோவிந்தன் அதில்தான் வருகிறார். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் முதலான ஆங்கில எழுத்தாளர்களின் கதைகளைத் தமிழாக்கித் தள்ளிக்கொண்டே இருந்தார், அவருடைய துப்பறிவாளர் ஆனந்தசிங் ஹோம்ஸின் வார்ப்புதான். வடுவூர் துரைசாமி அய்யங்காரின் துப்பறிகிற திகம்பர சாமியாரை எடுத்துக்கொள்ளுங்கள், மாறுவேடத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, நம்பியார் நடித்து 1950-ல் படமாகவும் வந்தது. எங்கள் பாட்டா அந்தக் காலத்தில் இந்தப் புத்தகங்களை வாடகைக்கு எடுத்துப் படிப்பாராம். அட்டை போன, முதல் பத்துப் பக்கம் இல்லாத ஒரு வடுவூர் நாவல் எங்கள் வீட்டுப் பரணில் ரொம்ப நாள் கிடந்தது, அதன் பெயர் என்னவென்று கண்டுபிடிப்பதே எனக்குச் சின்ன வயதில் ஒரு துப்பறியும் வேலையாக இருந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இவற்றை அப்படியே சத்தமாக வாசிக்க முடியாது. பக்கம் பக்கமாக ஒரே வாக்கியம் போகும், சமஸ்கிருதச் சொல் நிறைய, நடுவில் நீதி போதனை வேறு. பெண்களைப் பற்றியும் சாதியைப் பற்றியும் அந்தக் காலத்துப் புத்தியோடு எழுதிய இடங்கள் வரும், பிள்ளைகள் இருக்கும்போது முன்கூட்டியே படித்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள். பெரியவர்கள் அலமாரிக்கு இரண்டு போதும். பிள்ளைகளுக்கு தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. 1940-களில் விகடனில் வந்தது. அசட்டு ஆள், ஒன்றும் தெரியாது, ஆனால் கேஸ் தானாக முடிந்துவிடும். நாலு ஹோம்ஸ் கேட்ட பிறகு சாம்புவை வாசித்தால்தான் அதில் என்ன விளையாட்டு நடக்கிறது என்று புரியும், அதனால் வரிசையை மாற்றாதீர்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு சுஜாதாவின் கணேஷ், வசந்த்.

காசு செலவழிக்கும் முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தேடுங்கள். பழைய நூல்கள் ஏராளமாக ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், இலவசம்.

தக்கலைத் தம்பி:

இலவசம் என்று அண்ணன் சொன்னதால் ஒரு விஷயம். பிரிண்ட் எடுத்து பைண்ட் பண்ணி வைக்கலாமா என்று அக்கா அடுத்துக் கேட்பாங்க, அதுக்கு இப்பவே சொல்லிடறேன்.

இந்தியாவில் எழுத்தாளர் இறந்து, அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம் காப்புரிமை. ஆரணியார் 1925-ல் இறந்தார், வடுவூரார் 1942-ல், அதனால் ரெண்டு பேர் எழுத்தும் பொதுச்சொத்து. கானன் டாயில் 1930, செஸ்டர்டன் 1936, அவங்க ஆங்கில மூலமும் அப்படியே. ஆனால் நேற்று ஒருவர் ஹோம்ஸைத் தமிழில் மொழிபெயர்த்தால் அந்தத் தமிழ் அவருடையது, அதை ஜெராக்ஸ் போட்டு வைக்கக்கூடாது. நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். அகதா கிறிஸ்டி 1976-ல்தான் இறந்தார், நம்ம நாட்டில் 2036 முடியும் வரை காத்திருக்கணும். அமெரிக்காவில் அவங்க முதல் நாவல் ஃப்ரீ ஆகிவிட்டது என்று லிங்க் அனுப்புவாங்க, அது அமெரிக்கக் கணக்கு.

ஒரு யோசனை அக்கா. ஹோம்ஸ் ஆங்கில மூலம் குட்டன்பெர்க் என்கிற இலவச மின்நூல் தளத்தில் இருக்கு. பிளஸ் டூ பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ஒரு கதையை அவங்களே தமிழில் எழுதட்டும். நம்ம பக்கத்துத் தமிழிலேயே எழுதட்டும். அதைத் தாராளமா பிரிண்ட் எடுத்து அலமாரியில் வைக்கலாம், யார் வந்து கேட்கப் போறாங்க, அது அவங்க எழுதினது.

மலையோரத்து வாசகி:

தம்பி, இந்த யோசனைக்கே ரொம்ப நன்றி, கேட்டதும் இரண்டு பேர் கை தூக்கிவிட்டார்கள். வாத்தியார் சார், கடைசிப் பக்கத்தை நிறுத்தி வைப்பதையும் செய்யப் போகிறேன். பேய்க்கதை பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஆரல்வாய்மொழிக் காற்று:

நான் சொல்கிறேன்.

பேய்க்கதைத் தொகுப்புகளில் நிறைய எண்ணிக்கைக்காக நிரப்பியவை. ரத்தம், மண்டை ஓடு, அலறல். நல்லது எது என்றால் எதைக் காட்டவில்லையோ அதுதான். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-ல் எழுதிய ‘குரங்கின் பாதம்’ ஒன்று போதும் இதற்கு. இந்தியாவில் ஒரு பக்கிரி மந்திரித்த குரங்குப் பாதம், மூன்று வரம் தரும், ஒரு சாதாரணக் குடும்பத்துக் கையில் வந்து சேருகிறது. கடைசியில் கதவு தட்டுகிற சத்தம் மட்டும்தான். கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்பதை அந்த ஆள் கடைசிவரை எழுதவே இல்லை. வாசிக்கும்போது அந்த இடத்தில் நீங்களும் மேஜையைத் தட்டாதீர்கள், சும்மா நிறுத்துங்கள். மழைச் சத்தம் போதும்.

எம். ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜில் பெரிய பதவியில் இருந்த பண்டிதர், கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களைக் கூட்டி வைத்து வாசிப்பதற்கென்றே பேய்க்கதைகள் எழுதினார், முதல் தொகுதி 1904. நீங்கள் செய்கிற அதே வேலைதான், அதனால் அவருடைய கதைகள் வாய்க்கு வசதியாக இருக்கும். அதில் ஒரு கதையில் கடற்கரையை ஒட்டிய இடிபாட்டில் ஒரு விசில் கிடைக்கும், ஒரு பேராசிரியர் அதை எடுத்து ஊதிவிடுவார். குளச்சல் பக்கத்துச் சொந்தக்காரப் பிள்ளைகள் யாராவது வந்திருக்கும் நாளாகப் பார்த்து வாசியுங்கள், ஆளில்லாத கடற்கரையில் சாயங்காலம் தனியாக நடந்தவர்களுக்கு அது வேறு மாதிரி கேட்கும். தமிழில் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. வீட்டுக்கு வருகிற பிச்சைக்காரியை மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள், ராத்திரி ஏதோ வாடை வருகிறது, முடிச்சை அவர் அவிழ்க்கவே மாட்டார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மட்டும்.

ஆனால் இதை எல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது, நம் மாவட்டத்தில் நின்றுகொண்டு பேய்க்கதைக்கு இங்கிலாந்துக்குப் போவது பற்றி. முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலைத் தாண்டாமல் நான் ஒரு நாள் வேலைக்குப் போனதில்லை. கள்ளியங்காட்டு நீலி என்கிற யட்சி நாகர்கோவில் பக்கத்துக்காரி. மலையாளத்தில் கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ‘ஐதிஹ்யமாலை’ என்கிற பழங்கதைத் தொகுப்பில் கடமற்றத்துக் கத்தனார் என்கிற சிரியன் கிறிஸ்தவப் பாதிரியார் ஒரு யட்சியை அடக்குவார், அது இவள்தான் என்பார்கள். உங்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பெரியவர்களில் மலையாளம் படித்தவர்கள் இன்னும் இருப்பார்கள், நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்கு முன் பள்ளிக்கூடம் போனவர்கள் யாராவது இருந்தால் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தமிழில் வில்லுப்பாட்டாகப் பாடுகிற நீலி கதையைச் சின்ன வயதில் கோவில் கொடையில் விடிய விடியக் கேட்டிருக்கிறேன். பெரியவனான பிறகுதான் ஒன்று உறைத்தது, அது பேய்க்கதை மட்டும் இல்லை, ஒரு வழக்கு. நீலியைக் கொன்றவன் மறுபிறவியில் செட்டியாக வருகிறான். நீலி ஒரு கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறார் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் போய் நிற்கிறாள். அவன் இவள் பேய், என்னைக் கொல்ல வந்திருக்கிறாள் என்கிறான். குழந்தையை இறக்கி விடுகிறார்கள். அது நேரே அவன் மடியில் போய் உட்கார்ந்து அப்பா என்கிறது. பஞ்சாயத்தார் இருக்கிற சாட்சியை வைத்துத்தான் தீர்ப்பு சொல்கிறார்கள், அன்று ராத்திரி அவன் செத்துப்போகிறான். பொய் சொல்கிற மாதிரித் தெரிகிறவன் உண்மை சொல்கிறான், அழுகிறவள் பொய் சொல்கிறாள், ஆனால் அவள் பக்கம்தான் பழைய நியாயம் இருக்கிறது. நீலிக்கண்ணீர் என்று நாம் சொல்வது இங்கிருந்துதான். வாத்தியார் சொன்ன மாதிரி தீர்ப்புக்கு முன் நிறுத்தி, நீ பஞ்சாயத்தில் இருந்தால் என்ன சொல்வாய் என்று எழுதச் சொல்லிப் பாருங்கள்.

புலவர்கள் ஒரு ராத்திரிக்கு இருக்கிற நேரத்தைப் பொறுத்து கதையைக் கூட்டிக் குறைப்பார்கள், ஆனால் அந்தக் குழந்தை தவழ்ந்து போகிற இடத்தைக் குறைத்து நான் கேட்டதே இல்லை. உடுக்குச் சத்தம் மட்டும் வரும், குடம் நின்றுவிடும். எங்கே வெட்டக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும்.

அம்மாக்கள் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். ஏழு மணிக்குள் பேய்க்கதையை முடித்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் எல்லோரும் அதைப் பற்றிப் பேசட்டும். பேசாமல் நேரே இருட்டில் வீட்டுக்கு நடந்து போகிற பிள்ளைதான் தூங்காது. அந்த இரண்டு அம்மாக்களையும் ஒரு நாள் வரச் சொல்லி, அவர்களுக்குத் தெரிந்த யட்சிக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டவள் கதை தெரியாத அம்மா நம் மாவட்டத்தில் கிடையாது.

செட்டிகுளம் வாத்தியார்:

நீலியை வழக்காகப் பார்த்தது எனக்குப் புதிது, நன்றாக இருக்கிறது தம்பி.

ஒரு கதை விட்டுப்போயிற்று. அதன் முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள். ஹோம்ஸின் ‘புள்ளிப் பட்டை’யைக் கண்டிப்பாக வாசியுங்கள், அதுவும் உங்கள் ஊரில். அதில் இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஒரு பாம்பு வரும், விசிலுக்குக் கட்டுப்படும், கிண்ணத்தில் பால் குடிக்கும். அப்படி ஒரு பாம்பு இந்தியாவில் கிடையாது, பாம்பு பாலுக்காக அலைவதும் இல்லை, காற்றில் வருகிற விசிலுக்குப் பழக்கவும் முடியாது. ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் டார்ச் அடித்துக்கொண்டு நடக்கிற அந்த அண்ணன் இதைக் கேட்டதும் எழுந்து நிற்பார் பாருங்கள். என் வகுப்பில் ஒரு பையன், “சார், ஹோம்ஸுக்கே தெரியாதது எனக்குத் தெரியும்” என்றான். அவன் சொன்னது சரிதான் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

தோவாளை நூலகர்:

வாங்குவதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், வைப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மலை அடிவாரத்தில் இன்னும் அதிகம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், கீழ்த் தட்டில் புத்தகம் வேண்டாம். வெள்ளிப்பூச்சிக்கு வசம்பு அல்லது காய்ந்த வேப்பிலை போதும், பூஞ்சை பிடித்த புத்தகத்தை நிழலில் காற்றாட வைத்துவிட்டுத்தான் மற்றதோடு சேர்க்க வேண்டும், வெயிலில் போட்டால் ஒட்டு விட்டுப்போகும். 3,800 ரூபாயில் ஒரு 300 ரூபாயை அட்டை போடவும் பைண்டிங்குக்கும் எடுத்து வையுங்கள். ஆட்கள் நிஜமாகப் படிக்கிற புத்தகம் ஆறு மாதத்தில் தையல் விட்டுவிடும்.

மலையோரத்து வாசகி:

எல்லோருக்கும் நன்றி. ஹோம்ஸ் முதல் தொகுதி முழு மொழிபெயர்ப்பு, ஃபாதர் பிரவுன், ஃபெலூடா இரண்டு, சாம்பு, காஞ்சனை, இவ்வளவுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டேன், கடைக்காரரிடம் போனிலேயே பொருளடக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் வாங்கினேன். வடுவூர் நாவல் ஒன்று மின்நூலகத்தில் கிடைத்தது, பெரியவர்களுக்கு.

அதற்குள் ஹோம்ஸ் கதையின் ஆங்கிலத்தை நானே தமிழில் சொல்லிச் சொல்லி ‘செந்தலையர் சங்கம்’ நேற்று பாதி வாசித்தாயிற்று. பதினேழு தாள் வந்திருக்கிறது. செருப்பில் சேறு கேட்ட அந்தப் பெண், கதையில் வருகிற அடகுக் கடைக்காரர் வீட்டில் இல்லாத நேரத்தில் அங்கே யாருக்கோ வேலை இருக்கிறது, அவருடைய உதவியாளரின் முழங்கால் துணியை ஹோம்ஸ் ஏன் பார்த்தார் என்று எழுதியிருக்கிறாள். ரப்பர் வெட்டுகிற அண்ணன் எழுதவில்லை, ஆனால் இன்று காலையில் பால் வாங்கப் போன என்னை வழியில் நிறுத்தி, “அவன் குழி தோண்டுறான் பிள்ளே, வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆரல்வாய்மொழி அண்ணா, நீலி கதை பாடுகிற புலவர் யாரையாவது தெரிந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்து பாடுவாரா என்று கேட்க வேண்டும்.